நிவாரண வேலைக்குப் போகிறவர்களின் மனசைப் பார்த்துக்கொள்வது எப்படி: டீம் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு

2023 டிசம்பரில் தூத்துக்குடிப் பக்கம் வந்த வெள்ளத்தின்போது எங்கள் டீமோடு வந்த ஒரு தம்பி, ஊர் திரும்பி இரண்டு மாதம் ஆனபோது போன் எடுப்பதை நிறுத்திவிட்டான். அவனுடைய அம்மாதான் என்னைக் கூப்பிட்டார். "வேலைக்குப் போறான், வாரான், பேச்சுதான் இல்ல தம்பி. ராத்திரி மூணு மணிக்கு எந்திரிச்சு வாசல்ல உக்காந்திருக்கான்" என்றார். நேரில் போனேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தவன், பைக்கின் சைடு பாக்ஸைத் திறந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கையில் கொடுத்தான். சேற்றுத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து ஓரமெல்லாம் மொரமொரவென்று இருந்தது. உள்ளே 140 பெயர்கள், பக்கத்தில் ரேஷன் கார்டு எண், சிலருக்கு மட்டும் போன் நம்பர்.

அந்த மழையை இந்தப் பக்கத்து ஆட்கள் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி இரண்டு கரையும் தாண்டி ஓடியது, ஸ்ரீவைகுண்டமும் ஏரலும் சில நாட்கள் தனித்தீவாகக் கிடந்தன. வழி திறந்ததும் நாங்கள் ஒரு குட்டியானையில் தார்ப்பாயும் அரிசியும் ஏற்றிக்கொண்டு போனோம். போன ஊரில் 340 வீடு, கையில் 200 தார்ப்பாய். டோக்கன் கொடுக்கிற வேலையை இந்தத் தம்பியிடம் விட்டுவிட்டு நான் அடுத்த லோடுக்குப் போன் பேசிக்கொண்டிருந்தேன். 200 தீர்ந்ததும் மீதிப் பேரை அவன் நோட்டில் எழுதிக்கொண்டு, "நாளைக்கு வந்துரும் ஆச்சி" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறான். மறுநாள் லோடு வேறு ஊருக்குத் திரும்பிவிட்டது. திருப்பியவன் நான்தான், அங்கே நிலைமை இதைவிட மோசம் என்பதால். அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த நோட்டுக்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன், எங்கள் வேலை முறையை மாற்றினேன். வெள்ளமோ புயலோ வந்தால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்களுக்காக, அது சின்ன நண்பர் குழுவாக இருந்தாலும் சம்பளத்துக்கு ஆள் வைத்த தொண்டு நிறுவனமாக இருந்தாலும், நான் இப்போது என்ன செய்கிறேன் என்பதை எழுதுகிறேன்.

எது மனதைத் தின்கிறது

பிணத்தைப் பார்த்ததால், அழுகையைக் கேட்டதால்தான் மனம் கலங்கும் என்று நினைக்கிறோம். அது உண்மைதான், ஆனால் அதோடு முடியவில்லை. செய்ய முடியாமல் போனது ஒன்று இருக்கிறது: கொடுத்த வாக்கு, தீர்ந்துபோன பொருள், இவருக்கா அவருக்கா என்று முடிவெடுத்த அந்த நிமிடம். மூன்றாவது, கூட வேலை பார்க்கிறவர்களும் மேலே இருக்கிறவர்களும் நம்மை நடத்திய விதம். தூங்க இடம் இல்லை, எப்போது திரும்புவோம் என்று தெரியாது, பதினாறு மணி நேரம் உழைத்தவனுக்கு நன்றிக்குப் பதில் திட்டு. என் அனுபவத்தில் ஆட்களை அதிகமாகச் சாய்ப்பது இந்த இரண்டாவதும் மூன்றாவதும்தான், இந்த இரண்டும் டீம் நடத்துகிறவர் கையில் இருக்கிற விஷயம்.

இது எவ்வளவு பேருக்கு வருகிறது என்று கேட்டால், நம் ஆட்களை வைத்தே நடந்த ஒரு ஆய்வு இருக்கிறது. இலங்கையில் வன்னிப் பகுதியில் வேலை பார்த்த கிட்டத்தட்ட 400 உள்ளூர் நிவாரணப் பணியாளர்களிடம் எடுத்து 2013-ல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. ஐந்தில் ஒருவருக்கு, அதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனப் பாதிப்பின் அறிகுறிகள். உதவி செய்யப் போனவர்களே போரில் சொந்தங்களையும் வீட்டையும் இழந்தவர்கள் என்பதை யோசித்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. வெளிநாடுகளுக்குப் போய் வேலை செய்கிறவர்களைப் பற்றிய இன்னொரு ஆய்வில், கிளம்பும் முன் பத்தில் ஒருவருக்கு இருந்த மனச்சோர்வு அறிகுறி, திரும்பி வந்தபோது ஐந்தில் ஒருவருக்கு என்று ஆகியிருந்தது. மூன்று முதல் ஆறு மாதம் கழித்துக் கேட்டபோதும் அது குறையவில்லை. வந்த வாரத்தில் சிரித்துப் பேசுகிறான், ஆள் நன்றாகத்தான் இருக்கிறான் என்று நாம் விட்டுவிடுகிறோமே, அது எவ்வளவு தப்பு என்பதற்கு இது போதும்.

கிளம்புவதற்கு முன்பு

ஒரு ஆளைச் சேர்க்கும்போது நாலு கேள்வி தனியாகக் கேளுங்கள், குரூப்பில் கேட்காதீர்கள். கடந்த ஆறு மாதத்தில் வீட்டில் யாராவது இறந்திருக்கிறார்களா? இப்போது தூக்கம் எப்படி? ஏதாவது மாத்திரை தொடர்ந்து எடுக்கிறீர்களா, பத்து நாளுக்குக் கையில் இருக்கிறதா? எந்த வேலையைத் தரக்கூடாது என்று நினைக்கிறீர்கள்? ஆமாம் என்று சொல்கிறவரை ஒதுக்குவதற்காக இதைக் கேட்கவில்லை. போன மாதம் அப்பாவை இழந்தவருக்கு குடோனில் பொருள் பிரிக்கிற வேலை, கணக்கு எழுதுகிற வேலை, போன் எடுக்கிற வேலை கொடுக்கலாம், அதுவும் நிவாரண வேலைதான். கேட்கிற தொனியிலேயே அது அவருக்குப் புரியவேண்டும்.

அங்கே என்ன இருக்கும் என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். மாடு செத்து மிதக்கும், நாற்றம் துணியில் மூன்று நாள் போகாது, மக்கள் உங்களிடம் கோபப்படுவார்கள், சில இடத்தில் வண்டியை மறிப்பார்கள், கொண்டு போகிற பொருள் நிச்சயமாகப் போதாது. கடைசியில் சொன்னதை இரண்டு முறை சொல்லுங்கள்.

திரும்பும் தேதியைக் கிளம்பும்போதே எழுதிக் கொடுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள். முடிவு தெரியாத வேலையை உடம்பு ஒரு விதமாகத் தாங்கும், வியாழக்கிழமை வீட்டுக்கு என்று தெரிந்த வேலையை வேறு விதமாகத் தாங்கும். டெட்டனஸ் வராமல் இருக்க டிடி ஊசி, எலிக்காய்ச்சலுக்கு டாக்டரைக் கேட்டு மாத்திரை, கம்பூட், கையுறை எல்லாம் இதே கணக்கில்தான் வரும். காலில் செருப்போடு சேற்றில் நிற்கிறவன், என்னைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை என்று நினைத்தால் அதில் தப்பில்லை.

உள்ளூர் ஆட்கள் விஷயம் தனி. வெளியூரிலிருந்து வருகிறவர் நாலு நாளில் போய்விடுவார். ஏரலிலேயே இருக்கிற தன்னார்வலருக்குத் தன் வீட்டுக்குள்ளும் இடுப்பளவு தண்ணீர் நின்றிருக்கும். அவரைக் கூப்பிடும்போது முதல் கேள்வி "உங்க வீடு என்னாச்சு?" என்பதாக இருக்கட்டும். இரண்டு நாள் அவர் வீட்டைக் கழுவ விடுங்கள், முடிந்தால் டீமே போய்ச் சேர்ந்து கழுவுங்கள். அப்புறம் வேலைக்குக் கூப்பிடலாம். தூய்மைப் பணியாளர்களையும் இந்தக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். 2015 சென்னை வெள்ளத்திலும் 2023-லும் வேறு ஊர்களிலிருந்து அவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். செத்த மாட்டை எடுப்பதும் அழுகினதை அள்ளுவதும் அவர்கள். தன்னார்வலர்களைப் பாராட்டுகிற மேடையில் அவர்களுக்கு நாற்காலி இருப்பதில்லை. உங்கள் டீம் வேலை செய்கிற தெருவில் அவர்களும் இருந்தால் சாப்பாடு, குடிதண்ணீர், உட்கார நிழல், உங்களுக்கு இருப்பதெல்லாம் அவர்களுக்கும் இருக்கவேண்டும்.

களத்தில் இருக்கும்போது

மன ஆதரவு என்றதும் கவுன்சிலர் நம்பரைத் தேடவேண்டாம், ஷிப்ட் அட்டவணையை எடுங்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் வேலை செய்யக்கூடாது. ஆறு மணி நேரமாவது படுக்கை. ஏழு நாளில் ஒரு நாள் முழு ஓய்வு, அன்றைக்கு குரூப் மெசேஜும் பார்க்கக்கூடாது. மூன்று வேளை உட்கார்ந்து சாப்பாடு, நிவாரண பிஸ்கட்டை நடந்துகொண்டே கடிப்பது சாப்பாட்டில் சேராது. இதை எல்லாம் டீம் தலைவர் முதலில் செய்து காட்டவேண்டும். தலைவர் தூங்காவிட்டால் கீழே ஒருவரும் தூங்க மாட்டார்கள், தூங்கினால் குற்றம் என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

ஆட்களை இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்துவிடுங்கள். காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்கும் முன் ஒரு தடவை ஒருவர் மற்றவரைக் கேட்கவேண்டும்: தூங்கினியா, சாப்பிட்டியா, இன்னிக்கு ஏதாவது மனசுல நிக்குதா. அவ்வளவுதான். "எனக்கு ஒண்ணும் இல்லண்ணே" என்ற பதில் என்னிடம் வரும், ஜோடியிடம் வராது, ஏனென்றால் அவன் பக்கத்துப் பாயில்தான் படுத்திருக்கிறான்.

எதைக் கவனிக்கவேண்டும்? எப்போதும் பேசுகிறவர் பேசாமல் போவது, அமைதியானவர் நிறுத்தாமல் பேசுவது. எண்ணினதையே திரும்ப எண்ணுவது, கணக்கு தப்புவது. வரிசையில் நிற்கிற மக்கள்மேல் எரிந்து விழுவது. ராத்திரி குடி தொடங்குவது. ஓடுகிற தண்ணீரில் கயிறு இல்லாமல் இறங்குவது. எல்லாவற்றையும்விட, ஓய்வு எடு என்றால் "நான் போயிட்டா யார் பார்ப்பா?" என்று கேட்பது. அர்ப்பணிப்பு என்று அதைப் பாராட்டிவிடாதீர்கள். அந்த ஆளைத்தான் முதலில் ஒரு நாள் உட்கார வைக்கவேண்டும்.

அடுத்தது, 'இல்லை' சொல்கிற வேலை. நான் தம்பியின் தலையில் வைத்துவிட்டுப் போன வேலை. பொருள் போதாது என்று தெரிந்தால் யாருக்கு முதலில் என்ற விதியை முந்தின நாளே ஊர்க்காரர்களோடு பேசி முடிவு செய்துவிடுங்கள். கூரை போன வீடு, கைக்குழந்தை இருக்கிற வீடு, தனியாக இருக்கிற வயசானவர்கள் என்று ஏதோ ஒரு வரிசை. அதை ஒரு அட்டையில் பெரிதாக எழுதி வண்டியில் ஒட்டுங்கள். தீர்ந்ததும் "தீர்ந்துபோச்சு, மறுபடி எப்ப வரும்னு எனக்குத் தெரியல" என்று சொல்லவேண்டியவர் டீம் தலைவர், டோக்கன் கொடுக்கிற இருபத்து மூன்று வயதுப் பையன் இல்லை. "நாளைக்கு வரும்" என்ற வார்த்தையை எங்கள் டீமில் இப்போது யாரும் சொல்லக்கூடாது. முடிவு மாறினால், ஏன் மாறியது என்பதை வாக்குக் கொடுத்தவரிடம் அன்றைக்கே சொல்லவேண்டும்.

உடல்களைக் கையாளுகிற வேலை வந்தால் அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும். 2024 ஜூலை 30-ல் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை பக்கம் மலை சரிந்தபோது, உடல்களும் உடல் பாகங்களும் சாலியாற்றில் அடித்துவரப்பட்டு நிலம்பூர் பக்கத்தில் கிடைத்தன. அடையாளம் தெரியாதவர்களைப் புத்துமலையில் எண் போட்டுப் புதைத்தார்கள். அப்படிப்பட்ட இடத்துக்கு யாரையும் கட்டாயப்படுத்தி அனுப்பாதீர்கள், சரி என்று வந்தவர் பாதியில் முடியாது என்றாலும் காரணம் கேட்காதீர்கள். குறைந்த நேரம், குறைந்த ஆட்கள். முகத்தைத் தேவைக்கு மேல் பார்க்கவேண்டாம். பையில் இருக்கிற போட்டோ, செல்போன், குழந்தையின் பள்ளி அடையாள அட்டை இதையெல்லாம் பதிவு செய்கிற ஆள் ஒருவராகவும் தூக்குகிற ஆள் வேறொருவராகவும் இருக்கட்டும். 'இது நம்ம அக்கா வயசு' என்று மனம் கதை சேர்க்க ஆரம்பித்தால் அது வீடு வரைக்கும் கூட வரும். வேலை முடிந்ததும் குளியல், மாற்றுத் துணி, சூடாக ஏதாவது குடிக்க. படம் எடுப்பது, குரூப்பில் போடுவது அறவே கூடாது. ராத்திரி படுத்துக்கொண்டு அதே இடத்தின் வீடியோக்களை யூடியூபில் பார்ப்பதையும் ஜோடி ஆள் தடுக்கவேண்டும், பகலில் பட்ட அடி போதும்.

யாராவது நடுங்கினால், அப்படியே உறைந்து நின்றால், மூச்சு வாங்கினால்: கூட்டத்திலிருந்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டு பாதமும் தரையில் படும்படி வைக்கச் சொல்லி, தரையை அழுத்தச் சொல்லுங்கள். கண்ணில் படுகிற ஐந்து பொருளின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்: குடம், வேப்பமரம், வண்டி, எதுவானாலும். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும், நீங்களும் கூடவே செய்யுங்கள். தண்ணீர் கொடுங்கள். "தைரியமா இரு", "ஆம்பள அழலாமா", "இதுக்கே இப்படின்னா எப்படி" இதெல்லாம் வேண்டாம். என்ன நடந்தது என்று தோண்டவும் வேண்டாம். அவராகப் பேசினால் கேளுங்கள். அன்றைக்கு மீதி வேலை கிடையாது, ஆனால் தனியாக அறையில் விட்டுவிட்டும் போகக்கூடாது. இதைச் செய்ய டாக்டர் பட்டம் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2011-ல் களப்பணியாளர்களுக்காக வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேட்டின் சாரமே பார், கேள், சேர்த்துவிடு என்ற மூன்று சொல்தான். அதை நாம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு என்று மட்டும் நினைக்கிறோம், பக்கத்தில் சட்டை நனைந்து நிற்கிற நம் ஆளுக்கும் அதே மூன்றுதான்.

வட்டமாக உட்கார வைத்துக் கொட்டச் சொல்லாதீர்கள்

நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள், ஆனாலும் சொல்லியாகவேண்டும். வேலை முடிந்த கடைசி நாள் நாற்பது பேரை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொருவரும் பார்த்ததிலேயே கொடுமையானது எது என்று சொல்லவைப்பது. மனசுல இருக்கிறதைக் கொட்டிட்டா சரியாகிடும் என்பது அதன் பின்னால் இருக்கிற நம்பிக்கை. இப்படி ஒரே ஒரு அமர்வில் கட்டாயமாகப் பேசவைப்பதை நிறைய ஆராய்ந்துவிட்டார்கள். பின்னால் வரும் பாதிப்பை அது தடுப்பதில்லை, சிலருக்கு அதிகமாகவும் ஆக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றே சொல்கிறது. நீங்கள் பார்க்காத கொடுமையை இன்னொருவர் வாயால் கேட்டு அதையும் சேர்த்துச் சுமப்பீர்கள், பேச விருப்பம் இல்லாதவர் பேசியே ஆகவேண்டும் என்று சிக்கிக்கொள்வார்.

அதற்குப் பதில் தினமும் சாயங்காலம் பத்து நிமிடம், டீயோடு. இன்றைக்கு எது நடந்தது, எது இடைஞ்சல், நாளைக்கு என்ன தேவை. வேலையைப் பற்றிய பேச்சு, அவ்வளவுதான். அதில் யாராவது தன்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னால் நிறுத்திக் கேட்கலாம், மற்றபடி துருவ வேண்டாம்.

தூக்க மாத்திரையும் அப்படித்தான். ரெண்டு நாள் தூக்கம் இல்லை என்று மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிப் போடுவது, டீமில் யாரோ வைத்திருப்பதைப் பகிர்ந்துகொள்வது, இரண்டும் வேண்டாம். அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் இந்த வகை மாத்திரைகளைத் தராமல் இருப்பதே நல்லது என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். தூக்கமே பிடிக்காவிட்டால் டாக்டரிடம் போகட்டும்.

திரும்பி வந்த பிறகு

முதல் இரண்டு மூன்று வாரம் கெட்ட கனவு, எரிச்சல், சத்தம் கேட்டால் திடுக்கிடுவது, மழை இருட்டினால் நெஞ்சு படபடப்பது எல்லாம் வரும். பெரும்பாலானவர்களுக்குத் தானாகக் குறையும். இதைக் கிளம்பும் முன்பே எல்லாரிடமும் சொல்லிவைத்தால், எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று பயப்பட மாட்டார்கள். இரண்டு நாளாவது ஓய்வு எடுக்காமல் வேலைக்குப் போகவேண்டாம். சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிற நிறுவனம் என்றால் அதைச் சம்பளத்தோடு கொடுங்கள்.

வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. வந்ததும் "என்ன பார்த்தே, எத்தனை பேரு செத்தாங்க" என்று கேட்காதீர்கள். பிடித்ததைச் சமைத்துப் போட்டு, தூங்க விட்டு, பழைய வேலைகளுக்குள் மெதுவாக இழுத்துவிடுங்கள்: ரேஷன் கடைக்குப் போவது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது. தக்காளி விலையைப் பற்றிய பேச்சு அவருக்கு எரிச்சலாக இருக்கலாம், அங்கே ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள், இங்கே இதா பேச்சு என்று. உங்கள்மேல் கோபம் இல்லை அது.

ஒரு மாதம் தாண்டியும் அதே காட்சி திரும்பத் திரும்ப வந்தால், அந்த ஊர்ப் பெயர் வந்தாலே இடத்தை விட்டு எழுந்துபோனால், தூக்கமோ வேலையோ குலைந்திருந்தால், குடி கூடியிருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மாவட்ட மனநலத் திட்டத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நினைவை நேராக எடுத்து, படிப்படியாக, பயிற்சி பெற்ற சிகிச்சையாளரோடு வேலை செய்கிற பேச்சு சிகிச்சை முறைகள் இருக்கின்றன, நன்றாகவே பலன் தருகின்றன. முதல் அடியாக 14416-க்குப் போன் செய்யலாம். 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிற டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. இலங்கையில் 1926. டீமில் ஒருவர் மருத்துவரிடம் போனது இன்னொருவருக்குத் தெரியவேண்டியதில்லை, அடுத்த முறை அவரைக் கூப்பிடாமல் விடவும் கூடாது.

செத்துவிடலாம் போல இருக்கிறது என்ற பேச்சு காதில் விழுந்தாலோ சந்தேகம் வந்தாலோ நேராகவே கேளுங்கள்: "தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து, மாத்திரை இருந்தால் அப்புறப்படுத்துங்கள். அன்றைக்கே மருத்துவமனை, ஆபத்து என்றால் 108.

கடைசியாக, போன் பட்டியல். வந்த மூன்றாம் நாள் ஒரு போன், மூன்றாம் வாரம் ஒன்று, மூன்றாம் மாதம் ஒன்று, ஒவ்வொருவருக்கும். மோசமான சம்பவத்தில் சிக்கிய பணியாளர்களை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் மனநலம் தெரிந்தவர் ஒருவர் தொடர்புகொள்ளவேண்டும் என்று ஐ.நா. அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 2007-ல் போட்ட வழிகாட்டியும் சொல்கிறது. அப்படி ஒருவர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் நீங்களே பேசுங்கள். தேதிகளை, திரும்பி வருகிற வண்டியிலேயே போனில் நினைவூட்டலாகப் போட்டுவிடுங்கள். மெசேஜ் போதாது, 'நல்லா இருக்கேன்ணே' என்று ஒரு கட்டைவிரலோடு முடிந்துவிடும். குரலைக் கேட்கவேண்டும். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, அங்கே நடந்ததில் எது இன்னும் கூடவே இருக்கு என்று கேட்டுவிட்டு, பேசாமல் காத்திருங்கள்.

அந்த நோட்டை அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அவன் வீட்டு வாசலில் உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து பார்த்தோம். லோடைத் திருப்பியது நான்தான் என்று சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், நம்பர் இருந்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டோம். சிலர் எடுக்கவில்லை. எடுத்தவர்களில் நிறையப் பேருக்கு வேறு யாரோ தார்ப்பாய் கொடுத்திருந்தார்கள். ஒரு ஆச்சிக்கு மட்டும் இன்னும் கூரை போடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனும் நானும் பைக்கில் போய் அதைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தோம். 14416-க்கு அவன் பேசியது அதற்கு மறுவாரம், அவன் கேட்டுக்கொண்டபடி நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.